ஏரியைத் தாண்டி ஒரு நாள்

"கோடைக்கானல் போய் வந்தோம்" என்பவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். "ஏரி, படகு, குதிரை!" என்பார்கள். 1863-ல் மதுரைக் கலெக்டர் வேர் லெவிஞ்ச் உண்டாக்கிய ஏரி அழகுதான். ஆனால் அதோடு திரும்பினால் எப்படி?

எழுபத்தாறு வயது அம்மாவுடன் நாங்கள் விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டோம். மத்தியானமானால் 400 அடி உயரமுள்ள தூண் பாறைகள்கூட மூடுபனியில் கண்ணாமூச்சி ஆடத் தொடங்கிவிடும்!

முதலில் குறிஞ்சி ஆண்டவர் கோயில். இலங்கை ஸர் பொன்னம்பலம் ராமநாதனை மணந்து இந்துவான வெளிநாட்டு மாது லீலாவதி அம்மையார் 1936-ல் எழுப்பியது. வானம் தெளிந்திருந்ததால் தூரத்தில் பழநி தெரிந்தது. அம்மா கை கூப்பிவிட்டாள்.

தூண் பாறைகளைப் பார்த்துவிட்டுப் பூம்பாறைக்குப் போனோம். படிப்படியாகச் சரியும் வயல்கள், குழந்தை வேலப்பர் கோயில், வீட்டுக்கு வீடு பூண்டு! 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு இது. வாங்காமல் திரும்பாதீர்கள்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 2024 மே முதல் வண்டிக்கு இ-பாஸ் தேவை. பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். வீட்டுக் கூஜாவே போதும்.

திரும்பும்போது அம்மா கேட்டாள்: "குறிஞ்சிப் பூ எங்கேடா?"

"பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதானே, அம்மா! 2018-ல் பூத்தது, இனி 2030-ல்தான்."

அம்மா விரல்விட்டு எண்ணினாள். சற்று நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தாள்.

"அதற்கென்ன, நாளையிலிருந்து மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். நீ அழைத்து வந்தால் சரி!"