பெயரே வைக்காத கேமுக்கு ஏன் இவ்வளவு எதிர்பார்ப்பு? ரயட்டின் எம்.எம்.ஓ-வில் என்னென்ன இருக்க வேண்டும்?

டிரெய்லர் வரவில்லை. ரிலீஸ் தேதி சொல்லவில்லை. அதிகாரபூர்வமாக ஒரு பெயர்கூட அறிவிக்கவில்லை. ஆனாலும் 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' விளையாடுபவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும்: "அந்த எம்.எம்.ஓ என்னதான் ஆச்சு?"

ரயட் கேம்ஸ் நிறுவனம் 2020-லேயே அறிவித்த ஆன்லைன் ஃபேன்டஸி கேம் இது. அதில் என்னென்ன எதிர்பார்க்கலாம், அதில் எது எளிது, எது கடினம், ஏன் இவ்வளவு தாமதம்... ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எம்.எம்.ஓ என்றால் என்ன?

பப்ஜி மாதிரி கேமில் 100 பேர் ஒரே மேட்ச்சில் குதிப்பார்கள். அரை மணி நேரத்தில் ஆட்டம் முடியும். அடுத்த மேட்ச் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும்.

எம்.எம்.ஓ அப்படி இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உலகத்தில் வாழ்வார்கள். நீங்கள் லாக்அவுட் செய்து தூங்கப் போனாலும் அந்த உலகம் ஓடிக்கொண்டே இருக்கும். சந்தை நடக்கும், சண்டை நடக்கும், நண்பர்கள் இருப்பார்கள். உங்கள் கேரக்டர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வளரும். 2004 நவம்பரில் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' இன்றும் ஓடிக்கொண்டிருப்பது இதற்கு நல்ல உதாரணம்.

இதுவரை நடந்தது என்ன?

* 2009 அக்டோபர்: 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' வெளியானது. அந்தக் கதை நடக்கும் உலகத்தின் பெயர் ரூனெடெரா.
* 2020 டிசம்பர்: அந்த உலகத்தை வைத்து எம்.எம்.ஓ ஒன்று உருவாகிறது என்று கிரெக் ஸ்ட்ரீட் அறிவித்தார். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' வடிவமைப்பில் முக்கியப் பங்கு வகித்தவர் என்பதால் எதிர்பார்ப்பு எகிறியது.
* 2021 நவம்பர்: நெட்ஃப்ளிக்ஸில் 'ஆர்க்கேன்' வந்தது. கேமே விளையாடாதவர்களுக்கும் பில்ட்டோவர், ஸான் நகரங்கள் பழக்கமாகின.
* 2023 மார்ச்: கிரெக் ஸ்ட்ரீட் ரயட்டிலிருந்து விலகினார்.
* 2024 ஜனவரி: ரயட் 530 பேரை வேலையிலிருந்து நீக்கியது. மொத்த ஊழியர்களில் ஏறத்தாழ 11 சதவீதம்.
* 2024 மார்ச்: கேமின் திசையை மாற்றி மீண்டும் தொடங்கியிருப்பதாக இணை நிறுவனர் மார்க் மெரில் சொன்னார். முந்தைய வடிவம் ஏற்கெனவே சந்தையில் இருக்கும் கேம்களிலிருந்து போதுமான அளவு வித்தியாசப்படவில்லை என்பதுதான் காரணம். இனி பல ஆண்டுகள் எந்தத் தகவலும் வராமல் போகலாம் என்றும் சொல்லிவிட்டார். புதிய தலைமைப் பொறுப்பு ஃபேப்ரிஸ் கொண்டோமினாஸிடம் போனது.

சுருக்கமாகச் சொன்னால், கேம் கைவிடப்படவில்லை. ஆனால் கட்டிய வீட்டை இடித்துவிட்டு மறுபடி அஸ்திவாரம் தோண்டுகிறார்கள்.

எதிர்பார்ப்பு 1: ரூனெடெரா முழுவதும் சுற்ற வேண்டும்

டெமாசியா, நாக்ஸஸ், அயோனியா, ஃப்ரெல்யோர்ட், ஷுரிமா, பில்ஜ்வாட்டர் என்று ரூனெடெராவில் பெரிய பெரிய தேசங்கள் இருக்கின்றன. பனிப்பிரதேசம் ஒன்று, பாலைவனப் பேரரசு ஒன்று, கடல்கொள்ளையர் துறைமுகம் ஒன்று. கதைக்குப் பஞ்சமே இல்லை.

ஆனால் முதல் நாளே எல்லாவற்றையும் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' தொடங்கியபோது இரண்டு கண்டங்கள்தான். அவுட்லேண்ட் 2007-இல் வந்தது, நார்த்ரெண்ட் 2008-இல் வந்தது. பத்து தேசங்களை மேலோட்டமாகக் கொடுப்பதைவிட இரண்டு தேசங்களை ஆழமாகக் கொடுப்பதே புத்திசாலித்தனம். அடுத்த பத்து ஆண்டுகளுக்கான அப்டேட்டும் கையில் இருக்கும்.

எதிர்பார்ப்பு 2: ஜிங்ஸாக விளையாட முடியுமா?

இது கேட்க ஜாலியான ஆசை. நடைமுறையில் பெரிய தலைவலி. 'லீக்' கேமில் 170-க்கும் மேற்பட்ட சாம்பியன்கள் இருக்கிறார்கள். ஆளாளுக்குப் பிடித்த சாம்பியனாக விளையாடலாம் என்று விட்டால், ஒரே தெருவில் 300 ஜிங்ஸ் நின்றுகொண்டிருப்பார்கள். பிறகு கதை எங்கே இருக்கும்?

2011-இல் வந்த 'டிசி யுனிவர்ஸ் ஆன்லைன்' இதை அழகாகச் சமாளித்தது. அதில் நீங்கள் பேட்மேன் ஆக முடியாது. உங்களுக்கென்று ஒரு புதிய ஹீரோவை உருவாக்குவீர்கள். பேட்மேன் உங்களுக்கு வழிகாட்டியாக வருவார். ரயட்டும் இதே பாதையில் போனால் சாம்பியன்களின் மவுசும் குறையாது, உங்கள் கதை உங்களுடையதாகவும் இருக்கும்.

எதிர்பார்ப்பு 3: சண்டை சும்மா அதிர வேண்டும்

எம்.எம்.ஓ சண்டையில் இரண்டு பாணி உண்டு. எதிரியை முதலில் செலக்ட் செய்துவிட்டு ஸ்கில் பட்டனை அழுத்துவது பழைய பாணி. குறிபார்த்து அடிப்பது, சரியான நொடியில் உருண்டு தப்பிப்பது புதிய பாணி. 'லீக்' ரசிகர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டாவது. விரல் வேகத்துக்கு மரியாதை தரும் கேமில் வளர்ந்தவர்கள் அவர்கள்.

சிக்கல் எங்கே வருகிறது? 'லீக்' மேட்ச்சில் மொத்தம் 10 பேர். எம்.எம்.ஓ-வில் ஒரே இடத்தில் 200 பேர் மோதலாம். ஒருவர் நகர்ந்தால் அந்தத் தகவல் மீதி 199 பேருக்கும் போக வேண்டும். 200 பேரும் நகர்ந்தால் ஒவ்வொரு கணமும் ஏறத்தாழ 40,000 தகவல்கள். ஆள் இரு மடங்கானால் சுமை நான்கு மடங்காகும். அதனால்தான் பெரிய சண்டைகளில் கேம் திணறுகிறது.

'ஈவ் ஆன்லைன்' இதற்கு ஒரு விநோதமான வழி கண்டுபிடித்தது. கூட்டம் அதிகமானால் கேமுக்குள் காலத்தையே மெதுவாக்கிவிடும், சாதாரண வேகத்தில் 10 சதவீதம் வரை. 2014 ஜனவரியில் 7,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற ஒரு விண்வெளிப் போர் இப்படித்தான் 21 மணி நேரம் நீண்டது. விண்கலங்கள் மோதும்போது இது சரி. வாள் வீசும் கேமில் ஸ்லோ மோஷன் வந்தால் யார் பொறுப்பார்கள்?

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. ஃபைபர் கேபிளில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். போய்த் திரும்பவே குறைந்தது 29 மில்லி செகண்ட் ஆகும். அமெரிக்க மேற்குக் கரை சர்வர் என்றால் 140-ஐத் தாண்டும். எந்த ரீசார்ஜ் பிளானாலும் இதைக் குறைக்க முடியாது, இது இயற்பியல். குறிபார்த்து அடிக்கும் பாணி என்றால் பக்கத்தில் சர்வர் இருப்பது சொகுசு இல்லை, அவசியம். 'வேலரன்ட்' கேமுக்கு மும்பையில் சர்வர் வைத்தது ரயட்தான் என்பது கொஞ்சம் நம்பிக்கை தருகிறது.

எதிர்பார்ப்பு 4: வேலைக்குப் போகிறவனும் விளையாட வேண்டும்

எங்கள் பார்வையில் இந்தப் பட்டியலிலேயே முக்கியமானது இதுதான். 2004-இல் ராத்திரி முழுக்க ரெய்டு அடித்த கல்லூரி மாணவருக்கு இப்போது நாற்பது வயது. 2009-இல் 'லீக்' தொடங்கியவருக்கு இப்போது இஎம்ஐ இருக்கிறது, காலையில் ஸ்டாண்ட்அப் மீட்டிங் இருக்கிறது. கையில் இருப்பது ராத்திரி 10 மணிக்கு மேல் ஒரு மணி நேரம்.

பழைய எம்.எம்.ஓ-க்கள் இந்த ஒரு மணி நேரத்தை மதிக்கவில்லை. குழு சேர்க்கவே 40 நிமிடம் போய்விடும். தினமும் லாகின் செய்யாவிட்டால் பின்தங்கிவிடுவோம் என்ற பயத்தை வைத்தே ஆளைப் பிடித்து வைத்தன. விளையாட்டே இரண்டாவது வேலையாக மாறியது.

நல்ல மாற்றங்களும் நடந்திருக்கின்றன. 'ஃபைனல் ஃபேன்டஸி 14' கேமில் முக்கியக் கதைக்கான டஞ்சன்களை கம்ப்யூட்டர் இயக்கும் துணைவர்களோடு தனியாகவே முடிக்கலாம். 2024 தொடக்கத்தில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'டும் இதே மாதிரி வசதியைக் கொண்டுவந்தது. போரடித்தால் வேறு கேம் விளையாடிவிட்டு அடுத்த அப்டேட்டுக்கு வாருங்கள் என்று வெளிப்படையாகவே சொல்பவர் 'ஃபைனல் ஃபேன்டஸி 14'-ஐ வழிநடத்தும் நவோகி யோஷிடா.

ரயட்டின் கேம் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒரு மணி நேரம் மட்டுமே இருப்பவருக்கு அதில் இடம் இல்லையென்றால் அது நீண்ட நாள் நிற்காது.

எதிர்பார்ப்பு 5: காசு கொடுத்தவன் ஜெயிக்கக் கூடாது

'லீக்' இலவசம். ரயட் சம்பாதிப்பது ஸ்கின்களில். ஸ்கின் உடையை மாற்றும், பலத்தை மாற்றாது. எம்.எம்.ஓ-விலும் அதே நேர்மையை ரசிகர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

ஆனால் இலவசக் கதவைத் திறந்தால் பாட்களும் உள்ளே வரும். கேமுக்குள் தங்கத்தை அள்ளி வெளியே நிஜப் பணத்துக்கு விற்பதுதான் அவற்றின் வேலை. 2022-இல் 'லாஸ்ட் ஆர்க்' மேலைநாடுகளுக்கு வந்த சில வாரங்களிலேயே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பாட் கணக்குகளை முடக்க வேண்டியிருந்தது. பாட் பெருகினால் கேமின் பொருளாதாரம் சரியும். நீங்கள் ஒரு மாதம் உழைத்துச் சேர்த்த தங்கத்துக்கு மதிப்பே இருக்காது.

ரயட்டிடம் 'வேன்கார்ட்' என்ற தடுப்பு மென்பொருள் இருக்கிறது. 2024-இல் 'லீக்' கேமுக்கும் அதைக் கட்டாயமாக்கினார்கள். ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கும் என்பது லாபம். உங்கள் கம்ப்யூட்டரின் அடியாழம் வரை அதற்கு அனுமதி தர வேண்டும் என்பது அதன் விலை. ஆபீஸ் லேப்டாப்பில் இன்ஸ்டால் செய்யலாம் என்ற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்!

இவ்வளவு தாமதம் நியாயமா?

கோபம் வருவது இயல்புதான். ஆனால் அவசரப்பட்டவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும்.

'ஃபைனல் ஃபேன்டஸி 14' முதலில் வந்தது 2010 செப்டம்பரில். படுதோல்வி. கிராஃபிக்ஸ் மோகத்தில் ஒரு பூந்தொட்டிக்கு, ஒரு மனிதக் கேரக்டருக்குச் செலவிடும் அளவு விவரங்களைக் கொட்டியிருந்தார்கள். விளைவு, திரையில் நிறைய மனிதர்களைக் காட்டக் கம்ப்யூட்டருக்குத் தெம்பு இல்லை. மனிதர்கள் கூட வேண்டிய கேமில் மனிதர்களுக்கே இடமில்லை! கடைசியில் 2012 நவம்பரில் அந்த உலகத்தை மூடி, புதிதாகக் கட்டி 2013 ஆகஸ்டில் மீண்டும் வெளியிட்டார்கள். இன்று அந்த வகையின் வெற்றிகரமான கேம்களில் அதுவும் ஒன்று.

அமேசானின் 'நியூ வேர்ல்ட்' கதை வேறு. 2021 செப்டம்பரில் வெளியானதும் ஸ்டீமில் ஒரே நேரத்தில் 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விளையாடினார்கள். உள்ளே நுழைய மணிக்கணக்கில் க்யூ. ஆனால் உச்சக்கட்டத்தை அடைந்தவர்களுக்குச் செய்ய வேலை இல்லை. தங்கத்தைப் பிரதி எடுக்கும் ஓட்டைகளால் வர்த்தகத்தையே நிறுத்திவைக்க வேண்டி வந்தது. 2025 அக்டோபரில், இனி புதிய உள்ளடக்கம் வராது என்று அமேசான் அறிவித்துவிட்டது.

வெளிவராமலே போனதும் உண்டு. ப்ளிஸார்ட் சுமார் ஏழு ஆண்டுகள் உழைத்த 'டைட்டன்' என்ற எம்.எம்.ஓ 2014-இல் ரத்தானது. அதன் மிச்சத்திலிருந்து பிறந்ததுதான் 'ஓவர்வாட்ச்'. ரயட்டின் கேமுக்கும் இந்தக் கதி வரலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

மூடினால் நம் கதி?

ரசிகர்களின் பட்டியலில் அதிகம் பேசப்படாத கேள்வி இது. எம்.எம்.ஓ-வை மூடும் நாளில் உங்கள் கேரக்டர், வாங்கிய ஸ்கின், சேர்த்த பொருள், சந்தித்த இடம் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' 2012 நவம்பரில் மூடப்பட்டபோது அதுதான் நடந்தது. ரசிகர்கள் விடவில்லை, சொந்த சர்வரில் அதற்கு உயிர் கொடுத்தார்கள். கடைசியில் 2024 ஜனவரியில் அந்த ரசிகர் சர்வர்களில் ஒன்றுக்கு உரிமையாளரான என்சிசாஃப்ட் நிறுவனமே உரிமம் கொடுத்தது. காசு கொடுத்து வாங்கிய கேமை நிறுவனம் இஷ்டத்துக்கு அழிக்கக் கூடாது என்று கோரும் ஐரோப்பிய மனுவுக்கு 2025-இல் 10 லட்சம் கையெழுத்துகளைத் தாண்டி ஆதரவு கிடைத்ததற்கும் இப்படிப்பட்ட கோபம்தான் காரணம்.

டிரெய்லர் வந்தால் என்ன கவனிக்க வேண்டும்?

* சினிமா மாதிரியான வீடியோவை நம்பாதீர்கள். நிஜமாக விளையாடும் காட்சி, அதுவும் கூட்டமான இடத்தில், காட்டுகிறார்களா என்று பாருங்கள்.
* ஒரு மணி நேரத்தில் உருப்படியாக ஏதாவது முடிக்க முடியுமா?
* கடையில் விற்பது அழகா, பலமா?
* நமக்குப் பக்கத்தில் சர்வர் உண்டா?
* கேம் வெளிவரும் முன்பே பணம் கேட்கிறார்களா?

கடைசிக் கேள்வியில் ரயட்டுக்கு இப்போதைக்கு பாஸ் மார்க் போடலாம். 2012-இல் மக்களிடம் நிதி திரட்டத் தொடங்கிய 'ஸ்டார் சிட்டிசன்' 80 கோடி டாலருக்கு மேல் வசூலித்தும் முழுமையான முதல் பதிப்பு வராமலே ஆண்டுகள் ஓடின. ரயட் இந்த எம்.எம்.ஓ-வுக்காக யாரிடமும் ஒரு ரூபாய்கூட முன்பணம் வாங்கவில்லை.

அதனால் காத்திருப்பதில் நமக்கு நஷ்டம் ஏதுமில்லை. அதற்குள் 'ஆர்க்கேன்' இரண்டு சீசனையும் பார்த்துவிடலாம். 'சீக்கிரம் வெளியிடுங்கள்' என்று கேட்பதைவிட, 'வந்தால் பத்து வருஷம் நிற்கிற மாதிரி கொடுங்கள்' என்று கேட்பதுதான் நம் நேரத்துக்கு நாம் கொடுக்கும் மரியாதை.