சுவர் மட்டும் போதுமா?

மட்டாஞ்சேரியின் பழைய கட்டடங்களுக்காகக் குரல் கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். அங்கே குடியிருப்பவர்களுக்காக?

சுக்கு, மிளகு வாசனை மட்டாஞ்சேரி பஜார் ரோட்டை விட்டு இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. ஓடு வேய்ந்த பண்டகசாலைகள் தெருவுக்கு முகமும் காயலுக்கு முதுகும் காட்டி நிற்கின்றன. நடுவில் சரக்கு உலர்த்தும் முற்றம். பின்வாசலில் படகுத்துறை. வியாபாரத்துக்கென்றே அளந்து கட்டிய கட்டடங்கள். இன்று சிலவற்றில் பழம்பொருள் கடை, சிலவற்றில் காபி ஓட்டல், இன்னும் சிலவற்றில் வெறும் பூட்டு.

பூட்டுக்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல. துறைமுகமே இடம் மாறிவிட்டது. 1920-ல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ முகத்துவார மணல்திட்டை வெட்டிக் கால்வாய் அமைத்தார். தோண்டிய மண்ணில் உருவான வில்லிங்டன் தீவுக்குக் கப்பல்கள் போயின. 2011-ல் கன்டெய்னர்கள் வல்லார்பாடத்துக்குப் போயின. 2012-ல் தொடங்கிய கொச்சி பினாலே கலை விழா, ஃபோர்ட் கொச்சியின் ஆஸ்பின்வால் ஹவுஸ் போன்ற பழைய வணிகக் கட்டடங்களுக்குப் புது வேலை கொடுத்தது. 2025-ல் வாட்டர் மெட்ரோவும் மட்டாஞ்சேரிக்கு வந்தது.

இனி என்ன கட்டலாம் என்பதில் இரண்டு கட்சி. ஓட்டைக்கூட மாற்றாதே என்கிறது ஒன்று. இடித்துவிட்டு உயரமாகக் கட்டு என்கிறது மற்றது. இரண்டுமே கட்டடத்தைப் பற்றித்தான் பேசுகின்றன.

யூதத் தெருவின் கோடியில் நிற்கும் பரதேசி ஜெபாலயம் 1568-ல் கட்டப்பட்டது. அதன் மணிக்கூண்டு, நீலச் சித்திர ஓடுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அங்கே வழிபட்ட சமூகம்தான் இல்லை. பெரும்பாலோர் இஸ்ரேலில் குடியேறிவிட்டார்கள். அச்சமூகத்தில் எஞ்சியிருந்த கடைசிப் பெண்மணி குவீனி ஹலேகுவா 2024-ல் காலமானார். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். இங்கே சுவர் இருக்கிறது; சித்திரம்தான் போய்விட்டது. யூதர்கள் போனதற்குக் கட்டடக் கொள்கை காரணமல்ல. ஆனால் மக்கள் போன பிறகு ஒரு தெரு எப்படிக் காட்சிப்பொருளாகிறது என்பதை இங்கே பார்க்கலாம்.

இதற்கு மாறான காட்சி அருகிலுள்ள துருத்தியில். நெரிசலான ஒண்டுக்குடித்தன வாழ்க்கையில் தவித்த ஏழைகளுக்காக 11 மாடியும் 13 மாடியுமாக இரண்டு கோபுரங்கள் எழுந்து, 2025-ல் திறக்கப்பட்டன. மொத்தம் 394 குடும்பங்களுக்கு வீடு. ஓட்டுக் கூரைகளின் வரிசைக்கு மேலே இவை துருத்திக்கொண்டு நிற்பது உண்மைதான். அழகு கெட்டது என்பவர்களின் வருத்தத்தைப் புறக்கணிக்க வேண்டியதில்லை. ஆனால் இக்குடும்பங்கள் தங்கள் தொழிலையும் பள்ளிக்கூடத்தையும் விட்டு எங்கோ போகவில்லை. இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.

இதன் அருமை சென்னைக்காரர்களுக்குப் புரியும். கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியபோது வீடு கிடைத்தது, பிழைப்பு பின்தங்கிவிட்டது. கட்டினால் மட்டும் போதாது என்பதற்கும் சென்னையே சாட்சி. 2021-ல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் கைபட்ட இடத்தில் பூச்சு உதிர்ந்தது. துருத்தியில் லிஃப்ட் பழுதானால் யார் பார்ப்பது, பராமரிப்புச் செலவு யாருடையது என்ற கேள்விகளுக்கு ஆரம்பத்திலேயே விடை வேண்டும். பதின்மூன்றாம் மாடியில் இருக்கும் கிழவிக்கு அதுதான் கட்டடக் கலை.

உயரமே குற்றம் என்றும் சொல்ல முடியாது. மரடில் 2020 ஜனவரியில் நான்கு அடுக்குமாடி வளாகங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. உச்ச நீதிமன்றம் பார்த்தது உயரத்தை அல்ல, கடலோர ஒழுங்குமுறை மீறலை. எங்கே, யாருக்காக, எந்த விதிப்படி என்பதே கேள்வி.

பண்டகசாலைகளுக்கும் இதையே கேட்கலாம். கூரையையும் முற்றத்தையும் காப்பாற்ற உரிமையாளருக்கு உதவி செய்வது நியாயம். அதற்குப் பதிலாக ஒரு பகுதியாவது உள்ளூர்க்காரரின் கடைக்கோ குடித்தனத்துக்கோ, அவருக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் கிடைக்க வேண்டும் என்று நிபந்தனை போடுவதும் நியாயம். முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே இருப்பவரை வெளியேற்றினால், அடுத்த தலைமுறைக்கு மிஞ்சுவது இன்னொரு நுழைவுச்சீட்டுக் கூடம்தான்.