நகரும் வீட்டின் கதவுக் கொக்கி

நம் சங்கத்து அன்பர்களில் பலர் இப்போது பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய் வருகிறார்கள். நயாகராவைப் பற்றியும் அங்குள்ள கோவில்களைப் பற்றியும் இப்பக்கங்களில் நிறையவே படித்துவிட்டோம். நான் எழுதப் போவது ஒரு கதவுக் கொக்கியைப் பற்றி. கரக்பூரிலும் பிற இடங்களிலும் ரயில் பெட்டிப் பராமரிப்பிலேயே காலம் தள்ளியவனிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

அங்கே 'மோட்டார் ஹோம்' என்று ஒரு வண்டி உண்டு. படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும். கிட்டத்தட்ட நம் ரயில்வே அதிகாரிகளின் சலூன் மாதிரி, தண்டவாளம்தான் இல்லை. அரிசோனாவில் இருக்கும் என் மாப்பிள்ளை பழைய வண்டி ஒன்றை வாங்கியிருந்தார். 2023 மே மாதம் நாங்கள் போயிருந்தபோது பேத்தியோடு எல்லோருமாக அதில் கிளம்பினோம்.

அந்த வண்டியின் வாசல் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். நம் ரயில் பெட்டியின் கதவு உட்பக்கம் திறப்பது என்பது உங்களுக்குத் தெரியும். ஓடும் வண்டியில் கதவு வெளியே நீட்டிக்கொண்டால் பிளாட்பாரத்திலும் பாலத்திலும் மோதும் என்பதால் அந்த ஏற்பாடு. மோட்டார் ஹோமில் உள்ளே கதவு திரும்ப இடம் கிடையாது. வாசலை ஒட்டியே அடுப்பும் நாற்காலியும் இருக்கும். ஆகவே கதவை வெளியே திறந்து, வண்டியின் பக்கச் சுவரோடு சாய்த்து நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்திப் பிடித்துக்கொள்ள ஒரு சிறு பொருள் வேண்டும். சுவரில் ஒரு பாதி, கதவில் ஒரு பாதி. கதவைத் தள்ளினால் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் 'டோர் ஹோல்டர்' என்பார்கள். நாம் கொக்கி என்றே வைத்துக்கொள்வோம்.

இந்த அற்பப் பொருள் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கதவு சுமார் 6 அடி உயரம், 2 அடி அகலம். ஆக 12 சதுர அடி. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அதன் மேல் நேராக அடித்தால் சுமார் 8 கிலோ எடைக்குச் சமமான விசை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு, அதாவது 33 கிலோ. இதில் ஒரு பங்கைக் கீல்கள் வாங்கிக்கொள்ளும்; மிச்சம் கொக்கிக்கு. கொக்கி கீலிலிருந்து 20 அங்குலம் தள்ளி இருந்தால் அந்த 8 கிலோவில் 5 கிலோ அளவுதான் அதன் பங்கு. அதுவே 8 அங்குலத்தில் இருந்தால் 12 கிலோ. எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்த நெம்புகோல் விதிதான். ஆகையால் கொக்கி கீலுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இதுவும் நிதானமான காற்றுக்குப் போட்ட கணக்கு. விட்டு விட்டு அடிக்கும் காற்றில் கதவு ஆடி இழுக்கும் இழுப்பு இதைவிடக் கூடுதல்.

எங்கள் வண்டியில் இருந்தது வெள்ளைப் பிளாஸ்டிக் கொக்கி. பல வருட வெயிலில் பழுப்பேறி, நகத்தால் கீறினால் பொடி உதிரும் நிலையில் இருந்தது. சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் வளையும் தன்மையைத் தின்றுவிடும். அரிசோனா வெயிலைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை. ஹோல்ப்ரூக் என்ற ஊரில் தங்கியிருந்தோம். கல்லாகிப்போன மரங்களைக் காட்டும் தேசியப் பூங்கா அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. மரமோ மலையோ மறைக்காத வெட்டவெளி. பிற்பகலில் காற்று எழுந்தது. படிக்கட்டில் பேத்தி உட்கார்ந்து எதையோ வரைந்துகொண்டிருந்தாள். "உள்ள வாடி கண்ணு, மண்ணு பறக்குது" என்று என் மனைவி கூப்பிட, அவள் எழுந்து உள்ளே போன அடுத்த நிமிடம் கொக்கி 'படக்'கென்று முறிந்து, கதவு வீசிக்கொண்டு வந்து அடைந்தது. குழந்தையின் கை சற்று முன்பு இருந்த அதே நிலைச்சட்டத்தின் மேல். அந்தச் சத்தம் பக்கத்து வண்டிக்காரர்களை வெளியே வரவழைத்தது.

"மாமா, இப்போதைக்குக் கயிறு போட்டுக் கட்டிடலாமா?" என்றார் மாப்பிள்ளை. கட்டினோம். அன்றைக்கு அது போதும். ஆனால் கயிறு நிரந்தரம் ஆகிவிடக் கூடாது. அவசரத்தில் அவிழ்க்க வராது. குழந்தைகள் கழுத்து உயரத்தில் குறுக்கே கயிறு இருப்பதும் சரியில்லை.

மறுநாள் ஃப்ளாக்ஸ்டாஃப் போய் உதிரிபாகக் கடையில் பார்த்தால் கொக்கியில் பல தினுசு. முறிந்ததைப் போன்றே தள்ளினால் மாட்டி, இழுத்தால் விடுபடும் பிளாஸ்டிக் கவ்விகள். காந்தம் வைத்தவை. துருப்பிடிக்காத எஃகில் ஒரு நாக்கு விழுந்து பூட்டிக்கொள்ளும் வகை. காந்தம் பார்க்க நேர்த்திதான், ஆனால் ஹோல்ப்ரூக் காற்றுக்கு நான் அதை நம்ப மாட்டேன். எஃகு நாக்கு வகையைத்தான் வாங்கச் சொன்னேன். அதிலும் ஒரு குறை உண்டு. நாக்கைக் கையால் தூக்கித்தான் விடுவிக்க வேண்டும். தெரியாதவர்கள் கதவைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் கொக்கி உடையாது, ஸ்க்ரூக்கள் சுவரோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். ஆகவே வண்டியில் ஏறும் எல்லோருக்கும், குழந்தைகள் உட்பட, ஒரு தடவை செய்து காட்டிவிட வேண்டும்.

வாங்கும்முன் மூன்று அளவு எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்க்ரூ துளைகளுக்கு இடையே உள்ள தூரம். கதவை முழுக்கத் திறந்த நிலையில் சுவருக்கும் கதவுக்கும் நடுவே உள்ள இடைவெளி. கைப்பிடி எவ்வளவு வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது என்பது. கொக்கி குட்டையாக இருந்தால் கைப்பிடி சுவரில் இடித்துப் பள்ளம் விழும். நீளமாக இருந்தால் கதவு பாதித் திறப்பிலேயே நின்று இன்னும் அதிகக் காற்று வாங்கும். உடைந்த துண்டைக் கையோடு கடைக்கு எடுத்துப் போவது எல்லாவற்றையும்விட உத்தமம்.

நிற்க. இதுவரை சொன்னது பத்து நிமிட வேலை. உண்மையான சமாசாரம் பழைய கொக்கியைக் கழற்றியபோதுதான் ஆரம்பித்தது.

நான்கு ஸ்க்ரூவில் இரண்டு ஒழுங்காக முறுக்கிக்கொண்டு வந்தன. மற்ற இரண்டும் சும்மா சுற்றின. வெளியே இழுத்தால் மரையில் கறுப்பாக, ஈரமான மரத்தூள். இந்த வண்டிகளின் சுவர் ஒரு அடுக்குத் தோசை. வெளியே கண்ணாடியிழைத் தோல் அல்லது அலுமினியத் தகடு, அதன் பின் மெல்லிய ப்ளைவுட், நடுவில் நுரை, உள்ளே மறுபடி ப்ளைவுட். கொக்கி வரும் இடத்தில் நல்ல தயாரிப்பாளர்கள் ஒரு மரக்கட்டையோ தகடோ உள்ளே வைத்திருப்பார்கள். எங்கள் வண்டியில் மரக்கட்டை இருந்தது. காற்று கதவை ஆட்ட, கதவு கொக்கியை ஆட்ட, ஸ்க்ரூவைச் சுற்றியிருந்த பூச்சு விரிந்து, வருடக்கணக்கில் மழைத்தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே போயிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

இது எனக்குப் புதிதல்ல. பெரம்பூர் தொழிற்சாலையில் 1955 முதல் செய்துவந்த எஃகுப் பெட்டிகள் பெரிய பழுதுபார்ப்புக்கு வரும்போது கழிவறை ஓரத்தையும் வாசல் ஓரத்தையும்தான் முதலில் பார்ப்போம். துரு அங்கேதான் குடியிருக்கும். பெயிண்ட் பளபளவென்று இருக்கும், அடியில் தகடு அப்பளமாக இருக்கும்.

எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது என்று அறியச் சுத்தியல் வேண்டாம். கரண்டிக் காம்பு போதும். ரயில் சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பது போலத் துளையைச் சுற்றித் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் 'டக் டக்' என்று கெட்டியாகப் பேசும். கெட்ட இடம் 'பொத் பொத்' என்னும். பொத்தென்ற சத்தம் உள்ளங்கை அகலத்துக்கு மேல் பரவியிருந்தால் கொக்கியை மறந்துவிட்டுச் சுவரைப் பிரித்துப் பார்ப்பதே முறை. எங்களுக்கு இரண்டு விரல் அகலத்தோடு நின்றிருந்தது.

செய்த வேலை இதுதான். பழைய சிலிகோன் பசையை மரச் சீவலால் சுரண்டி எடுத்தோம். இரும்புக் கத்தி போட்டால் தோலில் கீறல் விழும். இற்றுப்போன மரத்தைக் குடைந்து எடுத்துவிட்டு, துளைகளை இரண்டு நாள் திறந்தே வைத்தோம். அரிசோனாவின் வறண்ட காற்று அந்த வகையில் உதவி செய்தது. நம் கல்கத்தாவிலோ பம்பாயிலோ என்றால் தலைமுடி உலர்த்தும் கருவியை வைத்துத்தான் காய வைக்க வேண்டியிருக்கும். ஈரத்தின் மேல் பசை போடுவது வீண். பிறகு எபாக்ஸிப் பசை, அதாவது நம் அரால்டைட் இனம். அதில் தோய்த்த கடின மர முளைகளைத் துளையில் இறுக அடித்து, ஒரு இரவு கெட்டிப்பட விட்டோம். காலையில் முளையை மட்டமாக அறுத்துவிட்டு, ஸ்க்ரூவைவிடச் சிறிய துளை போட்டோம்.

"இன்னும் நீளமான ஸ்க்ரூ போட்டா என்ன மாமா?" என்று மாப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்விதான். வாசல் விளக்குக்கும் சுவிட்சுகளுக்கும் போகும் மின்கம்பிகள் பெரும்பாலும் வாசலை ஒட்டிய சுவருக்குள்தான் ஓடும். நீள ஸ்க்ரூ அவற்றில் ஒன்றைக் குத்தினால் வேறு கதை. கனத்தைக் கூட்டலாம், நீளத்தைக் கூட்டுமுன் யோசிக்க வேண்டும். ஸ்க்ரூவும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

கொக்கிக்கும் சுவருக்கும் நடுவே ப்யூட்டைல் டேப் என்ற களிமண் போன்ற நாடாவை வைத்தோம். சிலிகோனைப் பிதுக்கித் தடவுவது சுலபம்தான். ஆனால் அது காய்ந்தபின் சுவர் அசையும்போது ஓரம் விட்டுக்கொள்கிறது. பழைய சிலிகோன் மேல் எதுவும் ஒட்டாது, புதிய சிலிகோன்கூட ஒட்டாது. ப்யூட்டைல் வருடக்கணக்கில் இளகியே இருக்கும், ஆட்டத்துக்கு ஈடுகொடுக்கும். ஸ்க்ரூ மரையிலும் கொஞ்சம் சுற்றிக்கொண்டோம். முறுக்கும்போது நாலாபுறமும் சமமாகப் பிதுங்கி வர வேண்டும். முதல் நாளே முழு பலத்தோடு முறுக்காமல், ஒரு நாள் விட்டு மறுபடி கால் சுற்று முறுக்கி, பிதுங்கியதை வழித்து எடுத்தால் சுத்தமாக இருக்கும்.

இங்கேயும் இப்போது இத்தகைய வண்டிகள் வந்துவிட்டன. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை அறிவித்தது. நம்மவர்களில் யாராவது விடுமுறைக்கு வாடகைக்கு எடுத்தால், ஏசியையும் டெலிவிஷனையும் பார்க்கும்முன் வாசல் கதவை வெளியே திறந்து கொக்கியில் மாட்டி, ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள். கொக்கி கதவோடு சேர்ந்து அசைந்தால் வண்டிக்காரரிடம் சொல்லி அதை மாற்றச் சொல்லலாம். மழைக்காலமானால் உள்பக்கம் அதே இடத்தில் சுவரைக் கையால் தடவிப் பார்ப்பதும் நல்லது. ஈரம் இருந்தால் விரலுக்குத் தெரியும்.

மாப்பிள்ளையிடம் மழைக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் தட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கரண்டி சமையலறை இழுப்பறையிலேயே இருக்கிறது.