பொலன்னறுவையின் வீழ்ச்சியும் வன்னிமைகளின் எழுச்சியும்

மாணவர்களே, பொலன்னறுவை இராசதானி வீழ்ச்சியடைந்தமைக்குக் காரணம் கேட்டால் பலர் "மாகனின் படையெடுப்பு" என்று ஒரே வரியில் எழுதிவிடுகின்றனர். இது தவறன்று, ஆனால் முழுமையான விடையுமன்று. ஒரு பேரரசு சரிந்து புதிய அரசுகள் தோன்றும்வரையுள்ள இடைக்காலத்தை விளங்கிக்கொண்டாலே முழுப் புள்ளியும் பெறலாம்.

1. உள்நாட்டுப் பலவீனம்
நிசங்கமல்லன் 1196இல் இறந்த பின்னர் 1215 வரையான 19 ஆண்டுகளில் பத்துக்கு மேற்பட்ட ஆட்சிமாற்றங்கள் நிகழ்ந்தன. அரசரை ஏற்றுவதும் இறக்குவதும் படைத்தளபதிகளின் கையிலிருந்தது. லீலாவதி அரசி மட்டும் மூன்று தடவை அரியணை ஏற்றப்பட்டார். எனவே மாகன் வருமுன்னரே அரசு தளர்ந்திருந்தது.

2. மாகனின் ஆட்சி
கலிங்க மாகன் 1215இல் பராக்கிரம பாண்டியனைத் தோற்கடித்துப் பொலன்னறுவையைக் கைப்பற்றினான். சூளவம்சம் அவனது ஆட்சிக்காலம் 21 ஆண்டுகள் என்கிறது. சூளவம்சமும் பூஜாவலியவும் அவனைக் கொடியவனாகக் காட்ட, மட்டக்களப்பு மான்மியம் சைவத்தை ஆதரித்தவனாகக் காட்டுகிறது. மூலாதாரத்தை எழுதியவர் யார் என்பதைக் கவனித்தே முடிவுக்கு வரவேண்டும்.

3. அதிகாரம் பிரிதல்
சிங்கள அரசு தென்மேற்கே நகர்ந்தது. மூன்றாம் விஜயபாகு தம்பதெனியாவில் ஆட்சியை நிறுவினான். பின்னர் யாப்பகூவா, குருநாகல், கம்பளை, கோட்டை எனத் தலைநகர் மாறிச்சென்றது. வடக்கில் சந்திரபானுவின் படையெடுப்பு (1247), பாண்டியர் தலையீடு ஆகியவற்றின் பின்னர் 13ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் ஆரியச்சக்கரவர்த்திகளின் யாழ்ப்பாண இராச்சியம் நிலைபெற்றது.

4. இடைப்பட்ட நிலம்
பெருங்குளங்களையும் கால்வாய்களையும் பராமரித்த மத்திய நிர்வாகம் இல்லாது போகவே உலர்வலயத்தின் பல பகுதிகள் காடாயின. ஆயினும் மக்கள் வாழ்வு அற்றுப்போகவில்லை. சிறு குளங்களை நம்பிய ஊர்கள் வன்னியர் என்ற தலைவர்களின்கீழ் இயங்கின. வன்னியர் தமிழ்ப் பகுதிகளிலும் சிங்களப் பகுதிகளிலும் இருந்தனர். பலமான அரசனுக்குத் திறை செலுத்துவதும், அவன் தளர்ந்தபோது தனித்து ஆள்வதும் அவர்களது வழக்கம். பனங்காமம், கரிக்கட்டுமூலை, கருநாவற்பற்று ஆகியவற்றோடு எமது முள்ளியவளையும் அவ்வாறான ஒரு வன்னிமையே.

5. ஒப்பீடு
5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமர் பிரித்தானியாவை விட்டு நீங்கியபோதும் இவ்வாறே நிகழ்ந்தது. நகரங்கள் தளர்ந்தன, சிறு தலைவர்கள் எழுந்தனர், பின்னரே ஆங்கிலோ-சாக்சன் அரசுகள் உருவாயின.

நினைவிற்கொள்க: இத்தகைய காலத்தை "இருண்ட காலம்" என எழுதி முடிக்காதீர்கள். அதிகாரம் அழியவில்லை, பிரிந்து பரவியது. அவ்வாறு பரவிய வன்னிமை, பண்டாரவன்னியன் 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய காலம்வரை நீடித்தது.

பயிற்சி வினாக்கள்
(அ) மாகனின் வருகைக்கு முன்னரே பொலன்னறுவை பலவீனமடைந்திருந்தமைக்கு இரண்டு சான்றுகள் தருக.
(ஆ) மாகனைப் பற்றி மூலாதாரங்கள் வேறுபடுவதேன்?
(இ) வன்னிமைகள் தோன்றுவதற்கு ஏதுவான காரணிகளை விளக்குக.