இரண்டு கை ஜெர்மன்காரன்

முதலில் அந்த இரண்டு இரும்புக் கைகளைப் பாருங்கள். ஒன்று வெள்ளைத் தாளைக் கவ்வி அச்சுக்குள் நீட்டும். மற்றது அச்சான தாளை வைத்துவிட்டுச் சுற்றி வரும். மணிக்கு 5,000 தாள் ஓடும். ‘காற்றாலை’ என்று பட்டப்பெயர் வந்தது இந்தச் சுழற்சியால்தான்.

இது ஹைடல்பெர்க் பிளேட்டன் அச்சு மெஷின்: தாள் அளவு 10 × 15 அங்குலம், எடை ஒரு டன்னுக்கு மேல். 1914இல் லைப்சிக் சந்தையில் அறிமுகமாகி 1985 வரை ஜெர்மனியில் தயாரானது.

சிவகாசியில் தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் லித்தோ, ஆஃப்செட் வேலை. பில் புத்தகம், அழைப்பிதழ் போன்ற சில்லறை வேலைக்குத்தான் இந்த வகை மெஷின். ஈய எழுத்து போன பிறகும் நம்பர் அடிக்க, கிழிகோடு போட, அட்டை வெட்ட இதற்கு வேலை இருந்தது.

பழைய மெஷினை விற்க, வாங்க என்று வந்தால், பழைய ஜெர்மன் காரின் கதை வேறு. 1955இல் இரண்டே இரண்டு செய்த மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹவுட் கூப்பேயில் ஒன்று, 2022 ஏலத்தில் 13.5 கோடி யூரோவுக்குப் போனது. இந்த மெஷினோ லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. அந்தக் கொடுப்பினை கிடையாது.

உடம்பில் பொறித்த வரிசை எண்ணைத் தேடுவது மட்டும் இரண்டுக்கும் பொது. கார் பிரியர் அடுத்து அசல் பெயின்ட்டையும் ஆவணங்களையும் கேட்பார். அச்சகக்காரர் கைகளின் பிடி, உருளைத் தேய்மானம், டை கட்டிங்கில் தட்டில் விழுந்த தழும்பு ஆகியவற்றை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “ஓட்டிக் காட்டுங்க” என்பார். ஓடாவிட்டால் பழைய இரும்பு, எடைக்குத்தான்.