பனங்கொட்டைக்கு வாசல் எங்கே?

பொங்கல் நெருங்கினால் திருநெல்வேலிக் கடைத்தெருவில் கரும்புக்கும் மஞ்சள் குலைக்கும் நடுவே பனங்கிழங்குக் கட்டுகள் வந்து இறங்கிவிடும். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தோலை உரித்து, நெடுக இரண்டாகப் பிளந்தால் நடுவில் வெளுத்த பீலி தெரியும். அதைத் தனியே உருவித் தின்பதற்குப் பிள்ளைகளுக்குள் போட்டியே நடக்கும். இந்த மெத்தென்ற கிழங்கு, அரிவாளை ஓங்கிப் போட்டாலும் லேசில் பிளக்காத ஒரு கொட்டையிலிருந்து வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

தாமிரபரணிக் கால்வாய்கள் பாயும் இடமெல்லாம் நெல்லும் வாழையும். அதைத் தாண்டித் தெற்கே, திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டில், பனைதான் ராஜா. வெயிலில் கொதிக்கிற அந்தச் செம்மணலில் விழும் விதைக்கு ஈரமும் காவலும் வேண்டும். அதற்குத்தான் கொட்டையின் அந்தக் கெட்டி ஓடு.

ஆனால் பிறக்கும்போதே அது கெட்டியாக இருப்பதில்லை. நுங்குப் பருவத்தில் உள்ளே இருப்பது தண்ணீரும் வழுவழுப்பான சதையும்தான். அந்தச் சதையில் மன்னோஸ் என்ற சர்க்கரை நீண்ட சங்கிலிகளாகக் கோத்திருக்கும். சங்கிலியின் பக்கவாட்டில் காலக்டோஸ் கிளைகள் நீட்டிக்கொண்டிருப்பதால் சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்க முடியாது. இடைவெளியில் தண்ணீர் தங்கும். காய் முற்ற முற்றக் கிளைகள் குறைகின்றன. சங்கிலிகள் நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன. வழுக்கையான நுங்கு கெட்டிப்பட்டுக் கடுக்காய் நுங்காகி, கடைசியில் பல்லை உடைக்கும் வெள்ளைப் பருப்பாகிறது. கூடவே வெளிச்சுவரின் செல்களில் லிக்னின் படிந்து ஓடும் இறுகிவிடுகிறது.

கெட்டியான ஓட்டுக்கு உலகம் எடுத்துக்காட்டுவது மக்கடேமியாவை. கிழக்கு ஆஸ்திரேலிய மழைக்காட்டு மரம் அது. அதன் ஓட்டில் கல்செல்கள் எந்தத் திசையிலும் வரிசைப்படாமல் பின்னிக் கிடக்கின்றன. விறகைப் பிளக்க வாட்டம் பார்த்து வெட்டுவோமே, அந்த வாட்டமே அதில் கிடையாது. அதனால்தான் பொறியாளர்கள் அதை எடுத்துவைத்து ஆராய்ந்தார்கள். இருந்தும் முளைக்கும் நேரத்தில் மக்கடேமியா ஓடு வெடித்துத்தான் ஆகவேண்டும்.

பனங்கொட்டை வெடிப்பதில்லை. நாரைச் சீவிவிட்டுப் பார்த்தால் அதன் ஒரு நுனியில் சின்னப் பள்ளம் தெரியும். ஓட்டின் பலமெல்லாம் விட்டுக்கொடுக்கும் ஒரே இடம் அதுதான். அதற்கு நேர் உள்ளேதான் குட்டிக் கரு உட்கார்ந்திருக்கிறது. மழை ஈரம் பட்டதும் அந்த வாசல் வழியே விதையிலையின் காம்பு ஒரு குழாய்போல வெளியே வருகிறது. வந்தது மேலே போகாது, நேராகக் கீழே இறங்கும். தன் நுனியில் கருவின் குருத்தையும் வேரையும் சுமந்துகொண்டு முழக்கணக்கில் மண்ணுக்குள் போகும். தாய் உயரத்தில் நிற்க, பிள்ளையை ஆழத்தில் கொண்டுபோய் வைக்கிற ஏற்பாடு! வறண்ட நிலத்தில் ஈரம் கீழேதானே இருக்கிறது. பனையின் நெருங்கிய சொந்தமான, சேஷெல்ஸ் தீவுகளின் இரட்டைத் தேங்காயும் இதே வித்தையைத்தான் செய்கிறது.

இதற்கிடையில் கொட்டைக்குள் விதையிலையின் மறுமுனை பஞ்சுபோல் உப்புகிறது. நாம் தவுண் என்று விரும்பித் தின்பது இதைத்தான். அந்தக் கல் பருப்பை நொதிகளால் கரைத்து, திரும்பவும் சர்க்கரையாக்கி, காம்பு வழியே கீழே அனுப்புவது இதன் வேலை. தவுண் பெருக்கப் பெருக்கப் பருப்பு தேயும். பாதி முளைத்த கொட்டையை வெட்டினால் நடுவில் தவுணும், ஓட்டை ஒட்டி மிச்சப் பருப்பும் ஒன்றாகவே கிடைக்கும். கீழே போன சர்க்கரை மாவாகச் சேர்ந்து கிழங்காகிறது; நடுவில் இருக்கும் பீலி, வெளியே வரக் காத்திருக்கும் முதல் ஓலை.

நம் ஊர்க்காரர்கள் இந்தக் கீழ்நோக்கிய பயணத்தைத் தெரிந்துதான் கிழங்குப் பாத்தி போடுகிறார்கள். மணலைக் குவித்து மேடாக்கி, அதன் தலையில் ஆவணி, புரட்டாசியில் கொட்டைகளை நெருக்கமாகப் பரப்பி மண் மூடிவிடுவார்கள். இளகிய மண்ணில் காம்பு தடையில்லாமல் இறங்கும், கிழங்கும் நீளமாக நேராக வரும். மார்கழி, தையில் மேட்டைச் சரித்தால் போதும், ஆழமாகத் தோண்டவேண்டிய பாடில்லை. பறிப்பது பீலி ஓலையாக விரிவதற்கு முன்னால் நடந்துவிட வேண்டும். விரிந்துவிட்டால் சேர்த்துவைத்த மாவைச் செடி தனக்கே எடுத்துக்கொள்ளும். கிழங்கில் மிஞ்சுவது நார்தான்.