பொட்டலத்தின் பின்பக்கம்

ராபர்ட்சன்பேட்டையில் உள்ள எங்கள் கிளைக்குக் கல்விக் கடன் குறித்து விசாரிக்கக் கல்லூரி மாணவர்கள் வருவது வழக்கம். கடந்த ஆண்டு அவ்வாறு வந்த பத்துப் பன்னிரண்டு பேரிடம் கடனுக்குரிய முக்கிய விவரத் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். வட்டி, கட்டணங்கள், ஆண்டொன்றுக்கு ஆகும் மொத்தச் செலவு விகிதம் ஆகியவற்றை ஓரிடத்தில் காட்டும் இத்தாளை, 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்கள் அனைத்திற்கும் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியுள்ளது. "இவ்வளவு சின்ன எழுத்தையெல்லாம் யார் சார் படிப்பாங்க?" என்றார் ஒரு மாணவர். அவருடைய பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலம் தலைநீட்டிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கத்தை என்றாவது படித்ததுண்டா என்று கேட்டோம். அதன்பின் அன்றைய பேச்சு கடனுக்குத் திரும்பவே இல்லை.

2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, வேலைக்கும் படிப்புக்கும் பெங்களூரை நோக்கிச் செல்வது இவ்வூரின் அன்றாட வாழ்க்கையாகிவிட்டது. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலைப் பிடிக்கும் மாணவருக்கு வீட்டில் இட்லி வேகும்வரை பொறுக்க நேரமில்லை. பன், பிஸ்கட், சிப்ஸ், இரவு திரும்பியதும் இரண்டு நிமிட நூடுல்ஸ் என நாளின் பாதி உணவு உறைக்குள்ளிருந்தே வருகிறது.

மாணவர்கள் லேபிளைப் பார்க்காமல் இல்லை. "தேதி பார்ப்போம், விலை பார்ப்போம்" என்றனர் அனைவரும். இது இவர்களுக்கு மட்டும் உரிய பழக்கமன்று. டெல்லியிலும் ஐதராபாத்திலும் பல்பொருள் அங்காடிகளுக்கு வந்தவர்களிடம் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. பத்தில் ஒன்பது பேர் லேபிளைப் படிப்பதாகக் கூறினர். ஆனால் பெரும்பாலோர் படித்தது தேதியைத்தான். மூலப்பொருள்களையும் சத்து விவரத்தையும் பார்த்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினரே. அவை புரியவில்லை என்பதே பலர் சொன்ன காரணம்.

புரியாமைக்கு ஒரு பகுதி கணக்கில் இருக்கிறது. வணிகவியல் படித்தவர்களாகிய எங்களுக்கு இந்த இடத்தில் சற்று உற்சாகம் பிறந்ததை மறைப்பதற்கில்லை. ஒரு நூடுல்ஸ் பொட்டலத்தில் 100 கிராமுக்கு 1,000 மில்லிகிராம் சோடியம் என்று அச்சிட்டிருப்பதாகக் கொள்வோம். பொட்டலத்தின் எடை 70 கிராம் எனில், உள்ளே செல்வது 700 மில்லிகிராம். அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். ஒன்றே முக்கால் கிராம். லேபிளில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு அடிப்படையாகக் கொள்ளப்படும் அளவு 2,000 மில்லிகிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்பு. ஆக ஒரு வேளைச் சிற்றுண்டியிலேயே 35 விழுக்காடு தீர்ந்துவிடுகிறது. இவ்வாறே நாளொன்றுக்கு 2,000 கிலோகலோரி, மொத்தக் கொழுப்பு 67 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 22 கிராம், சேர்க்கப்பட்ட சர்க்கரை 50 கிராம் என்பவையும் அடிப்படை அளவுகள். "ஒரு பரிமாறலுக்கு" என்ற பத்தியில்தான் பலர் ஏமாறுகின்றனர். ஒரு பரிமாறல் என்பது இரண்டு பிஸ்கட்டாக இருக்கலாம். இரண்டோடு நிறுத்துபவரை ரயிலில் நாங்கள் கண்டதில்லை.

மூலப்பொருள் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரவேண்டும் என்பது விதி. இதைச் சொன்னதும் ஒரு மாணவி, முன்பக்கத்தில் தானியக் கதிர் படம் போட்ட தம் பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பினார். முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, அதற்கடுத்து பாமாயில். படத்தில் இருந்த தானியம் ஐந்தாவது இடத்தில் இருந்தது. "முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம் கணக்கு" என்றார் அருகிலிருந்த எங்கள் காசாளர். சர்க்கரை இல்லாதது என்று அறிவிக்க, 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருத்தலாகாது. சர்க்கரை சேர்க்கப்படாதது என்பதோ வேறு. பழத்திலும் பாலிலும் இயல்பாக உள்ள சர்க்கரை அதில் இருக்கலாம், மாவுச்சத்தும் இருக்கும்.

சைவத்துக்குப் பச்சை வட்டம் என்பதை எல்லோரும் அறிந்திருந்தனர். அசைவக் குறி பழுப்பு வட்டத்திலிருந்து பழுப்பு முக்கோணமாக மாற்றப்பட்டது சிலருக்கே தெரிந்திருந்தது. நிறம் பிரித்தறிய இயலாதவர்களுக்கும் விளங்குவதற்காகச் செய்யப்பட்ட மாற்றம் அது.

கதிர்ப் படப் பொட்டலத்தைத் திருப்பிய மாணவியின் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்தவர். இப்போது இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உட்கொள்கிறார். உப்பைக் குறைக்குமாறு மருத்துவர் கூறியதும் வீட்டுச் சமையலில் குறைத்துவிட்டனர். மாலைத் தேநீருடன் அவர் உண்ணும் காரச் சிற்றுண்டியை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. "தாத்தாவுக்குத் தமிழ் நல்லாப் படிக்க வரும் சார். ஆனா பாக்கெட்டில் தமிழ் இல்லையே" என்றார் அவர்.

அது உண்மை. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்திலான இந்தியிலோ இருக்க வேண்டும் என்பதே உணவு லேபிள் விதி. வேறு மொழியைக் கூடுதலாகச் சேர்க்கத் தடையில்லை. சேர்க்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நாங்கள் கொடுத்த முக்கிய விவரத் தாளோ, கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில் இருந்தாக வேண்டும். வட்டிக்குக் கிடைத்த இந்த உரிமை உப்புக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசும் இவ்வூரில், பல குடும்பங்களில் லேபிளைப் படிக்கக்கூடியவர் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளை ஒருவரே. அவரும் தேதியோடு நின்றுவிட்டால் வீட்டில் அதைப் படிப்பவர் வேறு எவருமில்லை.

லேபிளில் குறை கண்டால் எங்கே சொல்வது என்று கேட்டனர். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐயும், உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் புகார் செயலியையும் குறித்துக் கொடுத்தோம். அந்த ஆணையத்தின் 14 இலக்க எண் ஒவ்வொரு உறையிலும் இருக்கவேண்டும். 1இல் தொடங்கினால் உரிமம், 2இல் தொடங்கினால் சிறு தயாரிப்பாளரின் பதிவு.

மூன்று வாரம் கழித்து அம்மாணவி கையொப்பமிட்ட படிவங்களுடன் வந்தார். முக்கிய விவரத் தாளில் இரண்டு இடங்களில் பென்சிலால் கோடிட்டு, செயலாக்கக் கட்டணம் பற்றி வினவினார். பிறகு, சமையலறை அலமாரிக் கதவில் ஒரு தாளை ஒட்டியிருப்பதாகக் கூறினார். வீட்டுக்கு வரும் பொட்டலங்களின் பெயரும் ஒவ்வொன்றிலும் எத்தனை கிராம் உப்பு என்பதும் அதில் தமிழில் உள்ளனவாம். தாத்தா நாள்தோறும் அதைப் படித்துவிட்டு, அப்பளத்தின் பெயர் ஏன் இல்லை என்று கேட்கிறாராம். சந்தையில் வாங்கும் அப்பளக் கட்டில் 2இல் தொடங்கும் எண் இருக்கிறது, தேதி இருக்கிறது, உப்பின் அளவு இல்லை. "செய்யும் அம்மாவிடமே கேட்டிருக்கேன் சார். ஒரு கிலோ மாவுக்கு எவ்வளவு போடுறாங்கன்னு சொன்னா, நானே கணக்குப் போட்டுக்குவேன்" என்றார்.